பண்ணைக்கு ஒரு பேர்: இணைய முகவரி எடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை



நேரடி விற்பனை பற்றிப் பேசும் கூட்டம் எங்கே நடந்தாலும் இப்போ கட்டாயம் ஒரு கேள்வி வருது. "வெப்சைட் ஒண்ணு போடலாம்னு இருக்கோம். என்ன பேர் வைக்கிறது?" அதிகம் படித்த தம்பி தங்கைகளும் கேட்கிறார்கள், அறுபது வயதைத் தாண்டிய பெரியவர்களும் கேட்கிறார்கள். கடந்த சில வருடங்களில் நாலைந்து குழுக்களோடும் சில தனிப் பண்ணைக்காரர்களோடும் உட்கார்ந்து பேர் தேடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுத முயன்றிருக்கிறேன்.

எதற்கு ஒரு தனிப் பேர்?

"வாட்ஸ்அப் குரூப்ல வித்துக்கிட்டுத்தானே இருக்கோம், அது போதாதா?" என்று கேட்பார்கள். விற்பதற்குப் போதும். ஆனால் அது நம்ம இடமில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. போன் நம்பர் மாறினால் பழைய வாடிக்கையாளர் நம்மைத் தேடி அலைவார். முகநூல் பக்கம் ஒருநாள் திடீரென்று முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பது? விற்பனைச் செயலிகளில் சேர்ந்தால் வாங்குகிறவரின் மனதில் அந்தச் செயலியின் பேர்தான் நிற்கிறது, விளைவித்தவர் பேர் நிற்பதில்லை. இடைத்தரகர் வேண்டாம் என்றுதானே நேரடி விற்பனைக்கு வந்தோம்? இன்னொருவர் நிலத்தில் நட்ட மரம் மாதிரி நம்ம பேரை அங்கே வளர்த்துவிட்டு நிற்கக் கூடாது.

சொந்த இணைய முகவரி இருந்தால் வாட்ஸ்அப் நம்பர் மாறலாம், வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவர் மாறலாம், அது இருக்கும் கம்ப்யூட்டரே மாறலாம். பையில் அச்சடித்த முகவரி மட்டும் மாறாது.

இதைத்தான் டொமைன் என்கிறார்கள். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது என்பதால் அதற்குப் பதிலாக ஒரு பேர். நாம் பேரைத் தட்டினால் பின்னால் இருக்கும் ஏற்பாடு அதை எண்ணாக மாற்றி நம்மைக் கொண்டு சேர்க்கிறது. போனில் பேரைப் போட்டுச் சேமிக்கிறோமே, அதே வேலைதான். உலகத்தில் முதன்முதலாகப் பதிவான டாட் காம் பேர் 1985 மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்டது. நம்ம நாட்டு டாட் இன் பேர்களை இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம், அதாவது நிக்சி, கவனித்துக்கொள்கிறது. 2005-இல் அது எல்லாருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டொமைன் பேரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அது குத்தகை. ஒரு வருடம் முதல் 10 வருடம் வரை ஒரே தடவையில் குத்தகைக்கு எடுக்கலாம், தவறாமல் புதுப்பித்தால் காலம் முழுக்க நம்மிடமே இருக்கும். புதுப்பிக்காவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. முதல் வருடம் நூறு ரூபாய்க்குத் தருகிறோம் என்று விளம்பரம் வந்தால், இரண்டாம் வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டணும்.

காதில் விழுந்ததைக் கை தட்டணும்

டவுன் கடைக்காரர் பலகை வைப்பார், பேப்பரில் விளம்பரம் கொடுப்பார். நம்ம பேர் பரவுவது அப்படியில்லை. சந்தையில் அரிசி வாங்கின அம்மா தன் அக்காவிடம் போனில் சொல்வார். அக்கா பக்கத்து வீட்டில் சொல்வார். ஆக, நம்ம முகவரி கண்ணால் பார்த்துப் பரவுவதைவிடக் காதால் கேட்டுத்தான் அதிகம் பரவுகிறது. கேட்டவர் அதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்க்கிறார். அங்கேதான் சிக்கல்.

'மாப்பிள்ளை சம்பா' என்ற பேரில் முகவரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 'மாப்பிள்ளை'யை ஆங்கிலத்தில் எழுதும்போது எம்முக்குப் பிறகு ஏ ஒன்றா இரண்டா? பி ஒன்றா இரண்டா? எல் ஒன்றா இரண்டா? முடிவில் ஏ-ஐ போடுவதா, வெறும் ஏ போடுவதா, இ போடுவதா? நாலே கேள்விதான். பெருக்கிப் பார்த்தால் 24 விதம் வருகிறது. சம்பாவை இன்னும் தொடவே இல்லை. 24 பேர் 24 விதமாகத் தட்டினால் நம்மிடம் வந்து சேருகிறவர் ஒருவர்தான்.

'வாழை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுவது படித்தவர் வழக்கம். பலர் வெறும் எல் போட்டு வி-ஏ-எல்-ஏ-ஐ என்று தட்டுவார்கள். அதே எழுத்துகளை இன்னொருவர் வலை என்று படிப்பார், மற்றொருவர் வளை என்று படிப்பார்.

'தேன்' இன்னும் வேடிக்கை. டி-ஹெச்-இ-என் என்று எழுதினால் ஆங்கிலத்தில் அதற்கு 'பிறகு' என்று அர்த்தம். 'மண்' என்று எழுதினால் ஆங்கிலம் படித்தவருக்கு அது 'மனிதன்'. முகவரியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எல்லாம் ஒட்டித்தான் வரும். அதனால் எந்தப் பேரையும் ஒரு தாளில் ஒட்டி எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் சங்கடமாக இருக்கும். எப்படியானாலும் பை அச்சடிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு சின்னது. நெடில் எழுத்து, இரட்டிக்கும் ஒற்று, ல-ள-ழ, ர-ற, ன-ண. இந்த ஐந்தும் ஒரு பேரில் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி தட்டுவார்கள். மரம், வனம், மடி மாதிரி குறில் எழுத்துகளால் ஆன சின்னச் சொற்களைப் பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட ஒற்றைச் சொற்களை யாராவது ஏற்கனவே எடுத்திருப்பார்கள். அதனால் இரண்டு சின்னச் சொற்களைச் சேர்த்துத் தேடணும்.

"அய்யா, எங்க குழுவுக்கு உழவுங்கிற சொல்தான் வேணும், விடமாட்டோம்" என்றால், தாராளமாக வையுங்கள். இசட்-ஹெச் போட்டு ஒன்று, எல் போட்டு ஒன்று என இரண்டு பேரையும் எடுத்து, இரண்டாவதைத் தட்டினால் முதலாவதுக்கே போகும்படி திருப்பிவிடலாம். வருடத்துக்கு இன்னொரு ஆயிரம் செலவு. மனசுக்குப் பிடித்த பேருக்கு அது பெரிசில்லை. ஆனால் நாலைந்து விதமாக எழுத வாய்ப்புள்ள பேர் என்றால் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இடையில் கோடு போட்ட பேர் வேண்டாம். விதிப்படி கோடு போடலாம், முதலிலும் கடைசியிலும் மட்டும் வரக் கூடாது. ஆனால் போனில் "நடுவுல ஒரு சின்னக் கோடு, கீழ இல்ல, நடுவுல" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தள்ளிவிடும். எண்ணும் அப்படித்தான். 'நாலு ஏக்கர்' என்றால் எண்ணாகப் போடுவதா, எழுத்தாகப் போடுவதா என்று கேட்பார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றிக் கவலை வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

நீளமும் முக்கியம். விதிப்படி 63 எழுத்து வரை போகலாம். நடைமுறையில் 12 எழுத்தைத் தாண்டினாலே தப்பு வர ஆரம்பிக்கிறது. அதற்காக உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் செய்வதைப் போல முதலெழுத்துகளைக் கோர்த்து எஃப்-பி-சி-எல் என்று முடிக்க வேண்டாம். பக்கத்துத் தாலுகா நிறுவனமும் அப்படித்தான் முடியும், அதற்கடுத்த தாலுகாவும் அப்படித்தான். பதிவுப் பத்திரத்தில் நீளமான பேர் இருக்கட்டும், வாடிக்கையாளர் கூப்பிடுவதற்குத் தனியே ஒரு பேர் வையுங்கள். பாரம்பரிய நெல்லுக்காகவே வாழ்ந்து 2018-இல் மறைந்த ஜெயராமன் அவர்களை 'நெல் ஜெயராமன்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். முன்னால் நிற்பது ஒரே ஒரு சொல், அதில் அவர் செய்த வேலை முழுக்க இருக்கிறது.

ஒற்றைப் பயிரில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பலபயிர் சாகுபடி பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். பேர் வைக்கும்போது மட்டும் ஒற்றைப் பயிருக்குப் போய்விடுகிறோம். இந்த வருடம் மஞ்சள் நல்லா இருக்கிறது என்று மஞ்சளைப் பேரில் சேர்த்தால், மூன்று வருடம் கழித்து செக்கு எண்ணெயும் கருப்பட்டியும் விற்கும்போது அந்தப் பேர் இடிக்கும். "மஞ்சள் விக்கிறவங்கதானே, எண்ணெய் எங்கிருந்து வாங்கி விக்கிறாங்களோ" என்று வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும். நிலத்தையோ, மண்ணையோ, நீரையோ, மரத்தையோ, நாம் செய்யும் முறையையோ சொல்லும் பேர் எந்தப் பயிருக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாரம்பரிய ரகத்தின் பேரை முகவரியாக எடுத்தால் அது தன் சொத்து என்று சிலர் நினைக்கிறார்கள். கருப்புக் கவுனியும் கிச்சிலிச் சம்பாவும் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. விதை பொது என்று சொல்லும் இயக்கத்தில் இருந்துகொண்டு விதையின் பேரைத் தனக்கென்று வேலி போடுவது நமக்கு அழகில்லை. சட்டமும் அதற்குப் பெரிதாகத் துணை வராது. 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டப்படி, பொருளின் வகையையோ தன்மையையோ மட்டும் சொல்லும் சொல்லைச் சாதாரணமாக ஒருவருக்கென்று பதிவு செய்து தரமாட்டார்கள். 'நல்ல அரிசி', 'சுத்தமான நெய்' மாதிரிப் பேர்களை நாளைக்கு இன்னொருவர் லேசாக மாற்றி வைத்தால் தடுப்பது கஷ்டம்.

'ஆர்கானிக்' என்ற சொல்

பத்துப் பேரில் எட்டுப் பேர் முகவரியில் 'ஆர்கானிக்' சேர்க்க ஆசைப்படுகிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு இரண்டு காரணம்.

முதல் காரணம் சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் இயற்கை உணவுக்கென்று தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன்படி 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்க, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டச் சான்றோ, பிஜிஎஸ் இந்தியா எனப்படும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றோ வேண்டும். சிறு உற்பத்தியாளரும் உற்பத்தியாளர் குழுவும் சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்றால் விலக்கு இருக்கிறது, அதற்கும் வருட விற்பனைத் தொகையில் ஓர் எல்லை உண்டு. இன்று விலக்கில் இருப்பவர் நாளை கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் விலக்கு போய்விடும். முகவரியிலேயே அந்தச் சொல் இருந்தால், பையில் முகவரி அச்சாகும் இடத்திலெல்லாம் அந்தச் சொல்லும் அச்சாகும். சான்று எங்கே என்ற கேள்வி வரும்போது பதில் கையில் இருக்கணும்.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிற காலம் இது. எல்லாரும் ஒரே சொல்லை வைத்திருந்தால் வாடிக்கையாளருக்கு யார் யாரென்றே தெரியாது. சான்று இருந்தால் அதை உள்ளே ஒரு பக்கத்தில் போடுங்கள். எந்த வயல், என்ன இடுபொருள், யார் வந்து பார்த்தார்கள் என்று அங்கே எழுதுங்கள். பேர் அடையாளத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

ஊர்ப் பேர் வைக்கலாமா?

வைக்கலாம், யோசித்து வைக்கணும். முதல் தொந்தரவு மறுபடியும் எழுத்துதான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பேர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. இந்த எழுத்து சரியா, அந்த எழுத்து சரியா என்று பெரிய விவாதம் கிளம்பி, அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கமே ஒரு முடிவுக்கு வர முடியாத விஷயத்தில் நம்ம வாடிக்கையாளர் சரியாகத் தட்டுவார் என்று நம்ப முடியாது. ஊர்ப் பேர் சின்னதாக, ஒரே மாதிரி எழுதப்படுவதாக இருந்தால் நல்லது.

இரண்டாவது, ஊரும் பொருளும் சேர்ந்த பேர்கள். ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பேர் அந்தப் பகுதியில் விளைவிக்கும் எல்லாருக்கும் பொது. விளைவிக்கிறவர்கள் அதைப் பயன்படுத்துவோராகத் தங்களைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பகுதிக்கு வெளியே விளைந்ததை அந்தப் பேரில் விற்றால் சட்டப்படி தப்பு. அதே பேரைத் தன் தனி முகவரியாக எடுத்து வைத்துக்கொள்வது பிறகு வம்பை இழுக்கும்.

கடைசியில் என்ன வருவது?

டாட் காம் எல்லாருக்கும் பழகியது. யாராவது பேரை மட்டும் கேட்டுக்கொண்டு போனால், கை தானாகவே டாட் காம் என்றுதான் தட்டும். டாட் இன் இந்தியாவுக்கானது, நம்ம மக்களுக்கும் பழகிவிட்டது, நல்ல பேர் இன்னும் கிடைக்க வாய்ப்பும் அதிகம். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், வெளிநாட்டு விற்பனை இல்லாத நமக்கு டாட் இன் போதும். ஆனால் அதே பேரின் டாட் காம் யாரிடம் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். அங்கே ஒரு பூச்சிமருந்து வியாபாரி இருந்தால் நம்ம ஆளுங்க பாதிப் பேர் தெரியாமல் அவர் கடைக்குத்தான் போவார்கள்.

டாட் ஆர்க் அறக்கட்டளைகளுக்கும் இயக்கங்களுக்கும் பொருத்தமாகத் தெரியும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டாட் கூப் என்பது கூட்டுறவு அமைப்புகளுக்கு மட்டும். டாட் ஃபார்ம் என்றுகூட ஒன்று இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சந்தையில் நின்று சொன்னால் "ஃபார்முக்குப் பிறகு டாட் காமா?" என்று திரும்பக் கேட்பார்கள்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டும் என்கிற ஆசை நமக்கெல்லாம் உண்டு. முடியும். தமிழில் பேர் வைத்து, புள்ளிக்குப் பிறகு 'இந்தியா' என்று தமிழிலேயே முடிகிற முகவரி கிடைக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட அப்படித் தமிழ் முடிவு உண்டு. மேலே சொன்ன 24 விதக் குழப்பம் இதில் கிடையாது, மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான். ஆனால் உள்ளுக்குள்ளே கம்ப்யூட்டர் அதை எக்ஸ்-என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஒரு நீள ஆங்கிலக் கோவையாக மாற்றித்தான் வைத்திருக்கும். சில இடங்களில் முகவரியை ஒட்டினால் அந்தப் புரியாத கோவைதான் தெரியும். பார்க்கிறவர் மோசடி லிங்க் என்று பயந்து தொடமாட்டார். தமிழ் எழுத்து மின்னஞ்சலையும் எல்லா இடமும் ஏற்பதில்லை. அதனால் ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியையும் எடுத்து அங்கேயே திருப்பிவிடுவது இப்போதைக்கு நல்ல வழி.

இன்னொருவர் பேரா என்று பாருங்கள்

பேர் காலியாக இருக்கிறது என்பதாலேயே அது நமக்கு உரியது ஆகிவிடாது. உச்சநீதிமன்றம் 2004-இல் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. 'சிஃபி' என்ற பேரைத் தன் முகவரிகளில் வைத்திருந்தது சத்யம் இன்ஃபோவே நிறுவனம். இன்னொரு நிறுவனம் அதே ஒலியில், ஆங்கிலத்தில் ஓர் எஃப் மட்டும் கூடுதலாகப் போட்டு முகவரி வைத்தது. வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பேருக்கும் உண்டு என்று சொல்லி, முதலில் வைத்திருந்தவர் பக்கம் நீதிமன்றம் நின்றது. நமக்கு இதில் இரண்டு பாடம். அடுத்தவர் பேரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி நாம் வைக்கக் கூடாது. நாம் முதலில் எடுத்து நாணயமாகப் பயன்படுத்தி வந்தால், நம்ம பேரை அப்படி யாராவது காப்பி அடித்தால் கேட்க வழி இருக்கிறது. டாட் இன் பேர்களில் வரும் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே நிக்சி தனி நடைமுறை வைத்திருக்கிறது.

எடுக்கும் முன் மூன்று இடத்தில் தேடுங்கள். கூகுளில் அந்தப் பேரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம், அரிசி, எண்ணெய் போன்ற உங்கள் பொருளின் வகுப்பில் அந்தப் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு யூட்யூப், இன்ஸ்டாகிராம். மூன்றிலும் ஆளில்லை என்றால் தைரியமாக எடுக்கலாம்.

பட்டா யார் பேரில்?

பேர் தேடுவதில் பத்து நாள் செலவழிக்கிறவர்கள், அதை யார் பேரில் எடுப்பது என்பதில் பத்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. "பையன் ஒருத்தன் இருக்கான், எல்லாம் அவனே பார்த்துக்குவான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கு அப்படித்தான் ஆனது. தளம் செய்து கொடுத்த தம்பி நல்ல பையன், ஏமாற்றுக்காரன் இல்லை. தன் மின்னஞ்சலையும் தன் போன் நம்பரையும் கொடுத்துப் பேரை எடுத்தான். பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போனான், நம்பர் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவன் திறந்து பார்க்காத பெட்டிக்குப் போனது. கெடு முடிந்தது. காலாவதியாகும் பேர்களைப் பிடிப்பதற்கென்றே காத்திருக்கும் ஆட்கள் உண்டு. அவர்களில் யாரோ எடுத்து, அந்த முகவரியில் சூதாட்டப் பக்கத்தை ஓட்டினார்கள். குழந்தைக்குச் சத்துமாவு வாங்கின ஒரு தாய், பையில் இருந்த முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குழுவுக்குப் போன் செய்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. மிச்சமிருந்த பைகள் மேலே ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஏற்கனவே வீடுகளுக்குப் போன பைகளை என்ன செய்ய முடியும்?

அதனால் இவற்றைக் கறாராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் பேர், முகவரி, மின்னஞ்சல், போன் எல்லாம் உங்களுடையதாகவோ குழுவுடையதாகவோ இருக்கணும். தொழில்நுட்ப வேலை செய்கிறவருக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். குத்தகைக்கு உழுகிறவருக்குப் பட்டாவை எழுதிக் கொடுப்பதில்லையே.

குழு என்றால் செயலாளரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். எந்த நிறுவனத்தில் எடுத்தோம், எந்த மின்னஞ்சல், எந்தத் தேதியில் முடிகிறது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கணும். நிர்வாகிகள் மாறும்போது சாவியையும் பாஸ்புக்கையும் ஒப்படைப்பது போல இதையும் ஒப்படைக்கணும்.

முடிந்தால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டாலும், கொடுத்திருக்கும் வங்கி அட்டை காலாவதியாகிவிட்டால் பணம் போகாது. அதனால் வீட்டு நாட்காட்டியில் ஒரு மாதம் முன்பே குறித்து வையுங்கள்.

கெடு தவறினால் உடனே கைவிட்டுப் போய்விடாது. டாட் காம் பேர்களுக்கு முதலில் பதிவு நிறுவனம் சில நாள் அவகாசம் தரும், எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது திரும்ப எடுக்க அபராதம் மாதிரிப் பெரிய தொகை கேட்பார்கள். அதுவும் தாண்டினால் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆக, தவறிவிட்டது என்று தெரிந்த அன்றே ஓடணும்.

"உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று சம்பந்தமே இல்லாத ஆட்களும் கடிதம் அனுப்புவார்கள். கடிதத்தில் உள்ள லிங்கைத் தொடாமல், நீங்கள் எடுத்த நிறுவனத்தின் தளத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள்.

ஏற்கனவே பேர் வேறொருவர் கணக்கில் இருக்கிறதா? அவர் நல்ல உறவில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அதே நிறுவனத்துக்குள் என்றால் கணக்கு மட்டும் மாற்றினால் போதும். வேறு நிறுவனத்துக்கு மாற்ற 'ஆத் கோட்' என்று ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், அதை அவர் எடுத்துத் தரணும்.

மூன்று பேர் சோதனை

கடைசியாக இரண்டு மூன்று பேர்கள் கையில் நிற்கும். எதை எடுப்பது? பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு வயதான உறவினர், கல்லூரியில் படிக்கும் ஒருவர், டவுனில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் என மூன்று பேருக்குப் போன் செய்யுங்கள். பேரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். கேட்டதை ஆங்கிலத்தில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே மாதிரி வந்தால் அன்றைக்கே எடுத்துவிடலாம். இரண்டு சரியாக வந்தால், மூன்றாமவர் தட்டிய எழுத்தையும் சேர்த்து எடுக்கலாமா என்று யோசியுங்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தால் அந்தப் பேரை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பிறகு நாலு நாள் கழித்து அதே மூவரிடம் "அன்னிக்கு ஒரு பேர் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் பேர் நின்றுவிட்டது.

"இப்போ வெப்சைட் செய்யக் காசு இல்லையே, பிறகு பார்த்துக்கலாம்" என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். பேருக்கும் தளத்துக்கும் தனித்தனிச் செலவு. பேரை மட்டும் இப்போது எடுத்து, அதைத் தட்டினால் உங்கள் வாட்ஸ்அப்புக்கோ, பண்ணை இருக்கும் கூகுள் வரைபடப் பக்கத்துக்கோ போகும்படி திருப்பி வைக்கலாம். பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் இதைத் தனிக் காசில்லாமலே செய்து தருகின்றன. அடுத்த அறுவடைக்குப் பை அச்சடிக்கக் கொடுக்கும்போது அந்த முகவரியை அதில் போட்டுவிடுங்கள். தளம் என்றைக்குத் தயாராகிறதோ, அன்றைக்கு அதே பேரை அங்கே திருப்பிக்கொள்ளலாம். பையை மறுபடி அச்சடிக்க வேண்டியதில்லை.